தரையில் வைத்த பெட்டி

ஒரு பறைக்காரர் மகனின் குறிப்புகள்

1

"அண்ணே, பேஸ் சரியா வரல. பெட்டிதான் சரியில்ல. வேற பெட்டி பாக்கணும்." உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் இருக்கிற எங்கள் சேரியில் பேஸ் கிட்டார் கையில் எடுத்த பையன்கள் எல்லாரும் இப்படித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். முப்பது வருசத்துக்கு மேல் திருச்சி, சீரங்கம், சுத்துப்பட்டு ஊர்களில் மெல்லிசைக் கச்சேரிகளிலும் சர்ச்சுகளிலும் பேஸ் வாசித்துவிட்டு இப்போது சொல்கிறேன்: கோளாறு பத்துக்கு எட்டுத் தடவை பெட்டியில் இல்லை. பெட்டியை வைத்த இடத்தில் இருக்கிறது.

பெட்டி என்று நாங்கள் சொல்வது காம்போ ஆம்ப். கிட்டாரிலிருந்து வருகிற சின்ன மின்துடிப்பைப் பெருக்குகிற எந்திரமும், அதைச் சத்தமாக்குகிற ஸ்பீக்கரும் ஒரே பலகைக்கூட்டுக்குள் இருக்கும். தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறலாம். கண்டக்டர் லக்கேஜ் கேட்பார், அது வேற கதை.

இந்தப் பெட்டியிலிருந்து நல்ல சத்தம் எடுப்பது எப்படி என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுதப் போனால் அது அப்பாவின் பறைக்குப் போகிறது, காவிரிக்கரைக்குப் போகிறது, யார் எங்கே நிற்கலாம் என்கிற பழைய வழக்குக்குப் போகிறது. ஆகவே இது ஒரு வரலாறாகவே இருக்கட்டும்.

2

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்த்தே சொல்கிறது. தெய்வம், உணவு, மரம், பறவை என்கிற வரிசையில் பறையும் ஒன்று. மாங்குடி கிழார் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றில் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நாலு குடிகளும் கௌரவமாகவே நிற்கிறார்கள். பிறகு என்ன ஆச்சு? ராசராசன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளுக்கு வந்தால் பறைச்சேரி இருக்கிறது, தீண்டாச்சேரி இருக்கிறது. கருவியின் பேர் சாதிப்பேராகி, சாதிப்பேர் ஒதுக்கி வைத்த நிலத்தின் பேராகிவிட்டது. சத்தம் எல்லாருக்கும் வேண்டியிருந்தது. சத்தம் எழுப்பினவன்தான் தள்ளி நிற்க வேண்டியிருந்தது.

இதற்குத் திருச்சியிலேயே ஒரு சாட்சி உண்டு. திருப்பாணாழ்வார். உறையூர்க்காரர். பாணர் குலம். காவிரியின் தென்கரையில் நின்றபடியே எதிர்க்கரையிலிருக்கும் சீரங்கத்தைப் பார்த்து யாழிசைத்துப் பாடுவாராம். பெருமாளுக்குத் தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்கர் என்ற முனிவர், விலகிப் போ என்று கூப்பிட்டிருக்கிறார். பாட்டில் மூழ்கியிருந்தவருக்குக் காதில் விழவில்லை. கல்லை விட்டெறிந்தார். நெற்றியில் ரத்தம். அப்புறம் பெருமாளே உத்தரவிட்டு, கல்லெறிந்த முனிவரே பாணரைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார் என்று கதை முடிகிறது. பத்துப் பாசுரம் பாடிப் பெருமாளோடு கலந்துவிட்டார் என்கிறார்கள்.

இந்தக் கதையைப் பக்தர்கள் பக்தியாகப் படிப்பார்கள். நான் வாசிப்புக்காரனாகப் படிக்கிறேன். கல் விழுந்தது பாட்டுக்காக அல்ல. பாட்டு நல்லாத்தான் இருந்திருக்கிறது, பெருமாளே கேட்டிருக்கிறார். கல் விழுந்தது அவர் நின்ற இடத்துக்காக. ஒரு ஆள் தோளேறி உள்ளே போனார், சரி. அவர் சனம்? அது கரையிலேயே நின்றது. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவு அதிகாரச் சட்டம் வந்தது 1947-ல்.

ஏழு மதிலுக்கு உள்ளே அரையர்களின் தாளம் ஒலித்தது. ராத்திரியில் பெருமாள் தூங்குவதற்கு வீணை ஒலித்தது. மதிலுக்கு வெளியே, ஆத்தங்கரையில், ஓயாமரிச் சுடுகாட்டுப் பாதையில், எங்கள் பறை ஒலித்தது. சங்கீதம் என்று உள்ளே இருந்ததற்குப் பேர். வெளியே இருந்ததற்குப் பேர் சாவு மோளம்.

ஆனால் அப்பா அந்த மோளத்தை எப்படிக் கையாண்டார் என்று பார்த்தவனுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய படிப்பு என்று. மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவி மாட்டுத்தோலை இழுத்து ஒட்டிய கருவி. தோல் காத்திலிருக்கிற ஈரத்தைக் குடிக்கும். ஈரம் ஏறினால் தொய்யும், சத்தம் ஊமையாகும். அதனால் வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டிக் காய்ச்ச வேண்டும். மார்கழிப் பனியில் ரெண்டு பாட்டுக்கு ஒருதரம் காய்ச்ச வேண்டியிருக்கும். கொஞ்சம் கூடினால் தோல் வெடித்துவிடும். அப்பா விரலால் தட்டுவார், காதைச் சாய்ப்பார், மறுபடி அனலில் காட்டுவார். சுருதிப்பெட்டி கிடையாது. தோல் நடுவில் அடிக்குச்சி விழுந்தால் கனத்த சத்தம். ஓரத்தில் சிம்புக்குச்சி விழுந்தால் கூர்மையான சத்தம். ஒரே தோலுக்குள் ரெண்டு சத்தத்தையும் இடம் பார்த்து எடுக்கிற வேலை அது.

பெட்டியில் இருக்கிற பேஸ், டிரெபிள் திருகுகள் செய்கிற வேலையை அவர் கை செய்தது. பேஸ் கிட்டாரிலும் இதே கணக்குதான். கழுத்துப் பக்கம் விரல் போட்டால் சத்தம் உருண்டு கனக்கும். பிரிட்ஜ் பக்கம் போட்டால் இறுகித் தெளியும். திருகைத் தொடுவதற்கு முன்னால் விரலை நகர்த்திப் பார் என்று பையன்களிடம் நான் சொல்வது அப்பாவிடம் கத்துக்கொண்டதுதான். அப்பா பேஸ் கிட்டாரைத் தொட்டதே இல்லை.

3

மின்சாரச் சத்தம் எங்கள் ஊருக்கு எப்படி வந்தது? திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-ல் ஆரம்பமானது. வானொலிப்பெட்டி பணக்கார வீடுகளில் இருந்தது. சேரிக்கு வந்தது குழாய் ஸ்பீக்கர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாத்துக்கும் தென்னைமரத்தில் கட்டின குழாய்தான். குழாய் ரொம்ப தூரம் கூப்பிடும், ஆனால் அதன் வாயும் நீளமும் சின்னது. ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதால் உருப்படியாகச் சத்தம் கொடுக்க முடியாது. பேச்சு கேட்கும், பாட்டு வரி கேட்கும், அடிச்சத்தம் வராது. ஆக, ரெண்டு மூணு தலைமுறை எங்கள் சனம் சினிமாப் பாட்டைப் பாதிப் பாட்டாகத்தான் கேட்டது. மீதிப் பாதியைக் கேட்க டூரிங் டாக்கீஸுக்குப் போக வேண்டியிருந்தது.

பேஸ் கிட்டார் அமெரிக்கச் சமாச்சாரம். ஆள் உயரத்துக்கு நிற்கிற டபுள் பேஸைத் தூக்கிச் சுமந்தவர்களின் கஷ்டத்துக்கு விடையாக 1951-ல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் என்ற கிட்டாரைக் கொண்டுவந்தார். அதற்கென்றே பேஸ்மேன் என்ற ஆம்ப் 1952-ல் வந்தது. 1960-ல் ஆம்பெக் கம்பெனியின் பி-15 வந்தது. 15 இஞ்ச் ஸ்பீக்கர், சக்தி வெறும் 25 வாட். இன்றைக்குப் பையன்கள் 25 வாட்டா என்று சிரிப்பார்கள். உலகத்துக்கே பேஸ் வாசிக்கக் கத்துக்கொடுத்த ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற கறுப்பினக் கலைஞர் கிளப்புகளில் வாசிக்க வைத்திருந்தது அந்தப் பெட்டியைத்தான்.

ஜேமர்சனை நம்ம பையன்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டெட்ராயிட் நகரத்தின் மோடவுன் கம்பெனிக்கு 1960-களில் அவர் வாசித்த பாட்டுகள் உலகம் பூரா ஓடின. வலதுகையில் ஒற்றை ஆள்காட்டி விரலால் வாசித்தார். கம்பி அறுந்தால் ஒழிய மாத்த மாட்டார். பழங்கம்பியில் படிந்த அழுக்குதான் அந்தக் கனத்த சத்தம். ஆனால் ரிக்கார்டு உறைகளில் அவர் பேர் இல்லை. மார்வின் கேயின் 1971-ஆம் வருச ஆல்பத்தில்தான் மோடவுன் முதன்முறையாக வாசிப்புக்காரர்களின் பேரைப் போட்டது. 1983-ல் செத்துப்போனார். பெரிய மரியாதைகள் அப்புறம்தான் வந்தன. அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்து மும்பையில் 1972-ல் தலித் சிறுத்தைகள் இயக்கம் எழுந்தது நமக்குத் தெரியும். அரசியலில் அவர்களைப் படித்தோம். சத்தத்திலும் படிக்க வேண்டியிருக்கிறது. கீழே இருந்து பாட்டைத் தாங்குகிறவன் பேர் வெளியே வராது என்பது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

தமிழில் இளையராஜா 1976-க்குப் பிறகு பேஸ் கிட்டாருக்குத் தனியாக ஒரு வழியே போட்டுக் கொடுத்தார். பாடகர் ஒரு மெட்டில் போவார், அடியில் பேஸ் இன்னொரு மெட்டில் போகும். சசிதரன் வாசித்த அந்த வரிகளை டேப்பைத் திருப்பித் திருப்பிப் போட்டுத்தான் நான் கத்துக்கொண்டேன். அப்போதெல்லாம் பாட்டின் அடியில் ஓடுவதை உத்துக் கேட்கிற காது எங்கிருந்து வந்தது என்று யோசித்ததில்லை. பறைக்காரர் வீட்டில் பிறந்தவனுக்கு அந்தக் காது முன்னாடியே இருந்திருக்கிறது.

4

இப்போது பெட்டிக்கு வருகிறேன். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி, திறந்த நிலையில், நொடிக்கு 41 முறை அதிர்கிறது. திருச்சி வெக்கையில் அந்த ஒலி அலையின் நீளம் ஏறக்குறைய 8.5 மீட்டர், அதாவது 28 அடி. எங்கள் சேரியில் இருக்கிற எந்த வீட்டைவிடவும் நீளமான அலை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தன்னால் புரியும்.

அவ்வளவு நீளமான அலை பெட்டிக்கு முன்னால் மட்டும் போகாது. பின்னாடி, பக்கவாட்டில், மேலே, எல்லாப் பக்கமும் விரியும். தூண் இருந்தால் சுத்திக்கொண்டு போகும். மதில் இருந்தால் மேலே வளைந்து இறங்கும். திறந்த வெளியில் உயரமாக வைத்தால் நாலாபக்கமும் சிதறிப் போய்விடும். தரையில் வைத்தால் கீழே போக வேண்டியது மேலே திரும்பும். பின்னால் ஒரு கெட்டிச் சுவர் இருந்தால் பின்னே போனதும் முன்னே வரும். இப்படி ஒரு பரப்பு கிடைத்தாலே அடிச்சத்தம் 6 டெசிபல் வரைக்கும் கூடும். 6 டெசிபல் என்பது நாலு மடங்கு வாட். 60 வாட் பெட்டி கீழ்ஸ்தாயியில் 240 வாட் பெட்டி போலப் பேசும். காசு கொடுக்காமல் கிடைக்கிற வாட் இது.

இதையே திருகில் எடுக்கப் பார்த்தால்? பேஸ் திருகை 6 டெசிபல் ஏத்தினால் ஆம்ப் நாலு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். அதனிடம் இருக்காது. சத்தம் கிழியும், ஸ்பீக்கர் காகிதம் அடித்துக்கொள்ளும். அதனால் முதலில் எல்லாத் திருகையும் நடுவில் வை. பலமாகக் கம்பியை இழுத்து வாசித்துப் பார்த்து, சிவப்பு விளக்கு மின்னுகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே கெயினை நிறுத்து. அப்புறம் வால்யூம். கூட்டுவதற்கு முன்னால் குறைக்கப் பழகு. கொழகொழவென்று இருந்தால் 200, 250 ஹெர்ட்ஸ் பக்கம் குறை. டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் உன் பேஸ் காணாமல் போனால் பேஸை ஏத்தாதே, மிட்டை ஏத்து. 500-லிருந்து 800 ஹெர்ட்ஸ் வரைதான் என்ன சுரம் என்று காதுக்குச் சொல்கிறது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது இனிக்கிற சத்தம் மேடையில் ஊமையாவது இதனால்தான்.

இடம் மாறினால் கணக்கும் மாறும். திறந்த மைதானத்தில் சுவர் வேண்டும். கான்கிரீட் கல்யாண மண்டபத்தில் மூலையில் வைத்தால் சத்தம் குமுறும், சில சுரம் மட்டும் பூதம் மாதிரி எழும். அங்கே பெட்டியைச் சுவரிலிருந்து இழு, நாற்காலி மேல் ஏத்து, பேஸைக் குறை. உள்ளே வெத்தாக இருக்கிற பலகை மேடை தானே ஒரு மோளம் போல அதிரும், அங்கேயும் நாற்காலிதான். உயரமான கல்கூரை சர்ச்சில் சத்தம் போகாமல் நிற்கும். அங்கே சுரங்களைக் குறைத்து, நறுக்கி வாசிக்க வேண்டும். பெட்டி காலடியில் இருந்தால் சத்தம் உன் முழங்காலுக்குத்தான் கேட்கும். காதைப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் சாய்த்து வை. பெரிய கூட்டம் என்றால் பெட்டியிலிருந்து மைக்செட்காரரின் மிக்ஸருக்கு ஒரு லைன் கொடுத்துவிடு. கூட்டத்துக்கு அவர் பார்த்துக்கொள்வார், உன் பெட்டி உனக்கு.

கரண்ட் விசயத்தில் விளையாடாதே. திருவிழா லைனில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 180 இருக்கும், ஆம்ப் திணறும். உய்ய்யென்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் எர்த் ஒயரைப் பிடுங்கிவிடுவது வழக்கம். பிடுங்கினால் இரைச்சல் போகும். ஒரு நாள் உயிரும் போகும். கம்பியில் கை, மைக்கில் உதடு, நடுவில் நம்ம உடம்பு.

5

இதில் சுவர்க் கணக்கை நான் புத்தகத்தில் படித்தது பின்னாடி. முதலில் படித்தது 1994-ல், திருச்சி மாவட்டத்து ஊர் ஒன்றின் கோயில் திருவிழாவில். ஊர்ப்பேர் வேண்டாம்.

மெல்லிசைக் குழுவோடு சாயங்காலம் போய் இறங்கினோம். கோயிலுக்கு எதிரே பலகை மேடை, நாலடி உயரம். மேடையில் பெட்டியை ஏத்தி ஒயர் மாட்டிக்கொண்டிருந்தேன். 12 இஞ்ச் ஸ்பீக்கர் போட்டு உள்ளூரில் கூட்டிக் கட்டின 60 வாட் பெட்டி. ஊர்ப் பெரியவர் ஒருத்தர் என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, நீ இன்னார் மகந்தானே?" என்று அப்பா பேரைச் சொன்னார். அந்த ஊர்ச் சாவுகளுக்கு அப்பா போய் அடித்திருக்கிறார். ஆமா என்றேன். வேறென்ன சொல்வது.

குழுத் தலைவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். அவர் திரும்பி வந்து என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: "ஒண்ணுமில்லப்பா. நீ மட்டும் பெட்டிய எறக்கி கீழ வச்சுக்க. சாமி எதிருக்க மேடை பாரு." அட்வான்ஸ் வாங்கிச் செலவாகிவிட்டது. ராத்திரி பஸ் கிடையாது. எறக்கினேன். மேடைக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்துக் கருங்கல் சுவர். அதன் அடியில் தரையில் வைத்தேன். தலையைக் குனிந்துகொண்டே முதல் பாட்டுக்கு விரல் போட்டேன்.

அப்படி ஒரு சத்தத்தை அந்தப் பெட்டியிலிருந்து அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. தரை அதிர்ந்தது. மேலே டிரம்ஸ் வாசித்தவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். கடைசி வரிசையில் பெஞ்சு மேல் உட்கார்ந்திருந்த சின்னப்பிள்ளைகள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார்கள். பாட்டு முடிந்ததும் அந்தப் பெரியவரே தலையை ஆட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, சந்தோசத்தில் இல்லை.

விடிகாலையில் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "பின்னால செவுரு இருந்துச்சா?" இருந்துச்சு என்றேன். "அதான். வெட்டவெளியில பறை செத்துப் போவும்டா. செவுத்துக்கு முதுக காட்டி நிக்கணும். சந்துல நொழைஞ்சா மெதுவா அடிக்கணும்." அறுபது வருசம் தள்ளி நிற்க வைக்கப்பட்ட மனுசர், நின்ற இடத்தின் ஒலியை எல்லாம் அளந்து வைத்திருந்தார்.

இதை ஒரு அழகான கதையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழே இறக்கினதால் நல்ல சத்தம் வந்தது, ஆகவே எல்லாம் நன்மைக்கே என்று ஆழ்வார் கதை மாதிரி முடிக்க எனக்கு இஷ்டமில்லை. சத்தம் நல்லா வந்ததற்குக் காரணம் தரையும் சுவரும். பெட்டியைக் கீழே வைக்கச் சொன்னதற்குக் காரணம் சாதி. ரெண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்த நாட்டில் காலம்காலமாக நடக்கிறது. என் பெட்டி தரையில் இருக்க வேண்டும் என்றால் அதை நான் சொல்ல வேண்டும்.

6

பறையை விடுவதா எடுப்பதா என்று நம்மிடையே நீண்ட சண்டை. அது அடிமைத்தொழில், தூக்கிப் போடு என்றவர்கள் உண்டு. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று நின்று அடி உதை பட்டவர்களும் உண்டு. அது நம் கலை, விடுதலைக் கருவி என்று மேடைக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறை எடுத்தார்கள். 2018 சனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் கச்சேரி நடத்தியபோது பறையும் பேஸ் கிட்டாரும் ஒரே மேடையில் நின்றன. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ரெண்டு தரப்பும் சரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் ரெண்டு பேரும் கேட்பது ஒன்றைத்தான்: யார் முடிவு?

அப்பா சாவதற்குக் கொஞ்ச நாள் முந்தி, நான் கேட்காமலே சொன்னார்: "கூப்புட்டா போவாதீங்க. தோணுச்சுன்னா அடிங்க." அவர் சாவுக்கு எங்கள் பையன்கள் அடித்தார்கள். கூலி யாரும் வாங்கவில்லை. வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சியது நான்தான்.

இப்போது ஞாயித்துக்கிழமைகளில் அம்பேத்கர் படிப்பகத்து வாசலில் பையன்களோடு உட்காருகிறேன். பெட்டியை முதலில் நடுவில் வைக்கச் சொல்வேன். ஒருத்தன் வாசிப்பான். மீதிப்பேர் சுத்தி நடந்து கேட்பார்கள். அப்புறம் சுவரோரம் தள்ளுவோம், நாற்காலியில் ஏத்துவோம், மறுபடி இறக்குவோம். வாசிக்கிறவனையும் ஒருதரம் முப்பதடி தள்ளிப் போய் நின்று கேட்கச் சொல்வேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்கிற சத்தமும் தள்ளி நின்று கேட்கிற சத்தமும் ஒன்றாக இருக்காது. போனவாரம் ஒரு சின்னப்பயல் அப்படித் தள்ளி நின்று கேட்டுவிட்டு ஓடிவந்து, "அண்ணே, பெட்டி வாங்க வேணாம்ண்ணே. இந்தச் செவுரு போதும்" என்றான்.